கடைசிப் பக்கத்து நட்சத்திரம்

மாவட்டப் பள்ளிகளுக்குப் புதிதாகத் தலைமை அதிகாரி வருகிறார் என்றால் அந்த அலுவலகத்தில் யாரும் அவருடைய குணத்தை விசாரிப்பதில்லை. "இதுக்கு முன்னாடி என்னவா இருந்தாராம்?" என்றுதான் கேட்பார்கள். அது தெரிந்துவிட்டால் அவர் இருக்கும் வரை எப்படி நிற்பது, எப்படிப் பேசுவது என்பதும் தெரிந்துவிடும்.

உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து வந்தவர் காலத்தில் கூட்டங்களெல்லாம் நின்றுகொண்டே நடந்தன. உட்கார்ந்தால் மூளை தூங்கிவிடும் என்பது அவர் கட்சி. அடுத்து வந்தவர் தணிக்கைத் துறைக்காரர். பள்ளிக்குள் நுழைந்தால் பிள்ளைகளைப் பார்க்க மாட்டார், அண்ணாந்து மின்விசிறிகளை எண்ணுவார். பிறகு ராணுவத்தில் ஓய்வு பெற்ற ஒருவர். தங்கமான மனிதர்தான். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் குறைந்த மதிப்பெண் எடுத்ததை அவர் 'பின்வாங்கல்' என்று சொல்லும்போது, எங்கேயோ யாரோ செத்துப்போனதுபோல அறையே அடங்கிவிடும்.

இவர்கள் எல்லாருக்கும் கீழே துணை அதிகாரியாக இருந்தவள் அவள். ஊரிலேயே பெரிய உயர்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்துக் கூரை வருடக்கணக்காக ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த ஒரே ஒழுகலை அவள் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாகச் சொன்னாள். உடற்பயிற்சிக்காரரிடம், தரை வழுக்கிப் பிள்ளைகள் விழுகிறார்கள் என்றாள். தணிக்கைக்காரரிடம், சொத்து சேதம் என்றாள். ராணுவக்காரரிடம், இந்த மழைக்குத் தாங்காது என்றாள். மூவரும் தலையாட்டினார்கள். கூரை ஒழுகியது. வந்தவர் காதுக்கெல்லாம் வார்த்தையைத் தைத்துத் தைத்து, தன் சொந்த அளவுக்கு ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை என்று சில நாட்கள் அவளுக்குத் தோன்றும்.

ராணுவக்காரர் உடல்நிலை சரியில்லை என்று பாதியில் போய்விட, கல்விக் குழு அவளைப் பொறுப்பு அதிகாரியாக உட்கார வைத்தது. துணை அதிகாரி வேலையும் அவளே பார்க்க வேண்டும். ஒரு முதுகு, இரண்டு மூட்டை. அந்த அலுவலகத்து வழக்கப்படி அவளுடைய பழைய வேலையும் விசாரிக்கப்பட்டது. விசாரிக்க என்ன இருக்கிறது, எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒன்றாம் வகுப்பு டீச்சர். வாழ்க்கையின் பாதியை, சின்ன நாற்காலிகளுக்கு நடுவே குனிந்தபடி கழித்தவள்.

"இனிமே ஃபைலெல்லாம் சிலேட்டுலதான் வரும். எச்சில் தொட்டு அழிச்சுக்கலாம்" என்று அலுவலக உதவியாளர் நடைபாதையில் சொன்னது அவள் காதில் விழுந்தது. அவனுக்கு 'வானொலி' என்று பெயர் வைத்ததே அவள்தான். வைத்த பெயர் வீண்போகவில்லை.

அவள் சிரித்துவிட்டுத்தான் உள்ளே போனாள். ஆனால் அன்று நடந்த முதல் கூட்டத்தில் ஒருமுறைகூட விரலை உயர்த்திப் பேசவில்லை. 'புரிஞ்சுதா?' என்று கேட்கவில்லை. வேதியியல், இயற்பியல் படித்த தலைமை ஆசிரியர்கள் எதிரே வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது, தன் குரலுக்குள் இருந்த அந்தப் பழைய பாட்டுச் சாயலை ஒரு குழந்தையின் வாயைப் பொத்துவதுபோலப் பொத்திக்கொண்டாள். இந்தப் பதவி நிரந்தரமாக வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து வந்தவளாலும் இந்த நாற்காலியில் உட்கார முடியும் என்று ஒரே ஒரு தடவை ஊருக்குக் காட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு ஓய்ந்து போனாலும் பரவாயில்லை.

வாயைப் பொத்தியவள் கையை மறந்துவிட்டாள்.

பள்ளிகளின் ஆண்டறிக்கைகள் வந்து குவிந்திருந்த நாள் அது. மாலைக்குள் எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை அலுவலகத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். மதியச் சாப்பாடு தொண்டையிலேயே நிற்க, ஒரு காதில் தொலைபேசி. பேருந்து வராத ஏதோ ஒரு பள்ளியைப் பற்றி யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் "ம்... சரி... ம்..." என்றபடியே கடைசிப் பக்கம், கையெழுத்து, அடுத்தது, கடைசிப் பக்கம், கையெழுத்து என்று தள்ளிக்கொண்டே போனாள். பெரிய உயர்நிலைப் பள்ளியின் அறிக்கை வந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டு, பேனாவை எடுக்காமலே, ஒரே இழுப்பில், ஐந்து முனையுள்ள ஒரு நட்சத்திரம் போட்டாள்.

போட்டது அவளுக்கே தெரியாது. கை போட்டது. எத்தனையோ ஆயிரம் நோட்டுகளில் போட்ட கை.

அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'அமிலம்'. வேதியியல் ஆசிரியராக இருந்தவர், யார்மேல் சிந்தினாலும் எரியும் என்பதால் அந்தப் பெயர். அவளைவிட வயதில் மூத்தவர். பொறுப்பு அதிகாரி நாற்காலி அவருக்குத்தான் என்று ஊரே பேசியது, அவரும் மறுத்ததில்லை.

மூன்றாம் நாள் வானொலி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றான்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல மேடம். பெரிய ஸ்கூல்ல எல்லாரும் சட்டையில நட்சத்திரம் குத்திக்கிட்டு வரப்போறாங்களாம். நம்ம ஹெச்செம்முக்கு மட்டும் குடுத்தா மத்த வாத்தியாருங்க ஏங்கிப் போயிடுவாங்கல்ல?"

அவளுக்குப் புரியவில்லை. அவனே விளக்கினான். அறிக்கை பள்ளிக்குத் திரும்பியபோது அங்கே எழுத்தர் முதலில் பார்த்திருக்கிறார், எழுதியிருந்ததை அல்ல, கையெழுத்தை ஒட்டியிருந்த நட்சத்திரத்தை மட்டும். அவர் பார்த்தால் அரை ஊர் பார்த்த மாதிரி. அமிலம் அன்றைக்கே கல்விக் குழுவுக்கு எழுதிப் போட்டுவிட்டார். மூத்த தலைமை ஆசிரியரை ஒன்றாம் வகுப்புப் பையனாக்கி அவமானப்படுத்திவிட்டதாகப் புகார்.

"எனக்கு ஒண்ணு போட்டிருந்தா ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பேன் மேடம்" என்றான் வானொலி. கிண்டலா ஆறுதலா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

அவள் தேநீரைக் குடிக்கவில்லை. நிரந்தரப் பதவிக்கான நேர்காணலுக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. அவளையும் வெளியாள் ஒருவரையும்தான் குழு கூப்பிட்டிருந்தது. அவர் பல ஊர்களில் ஹோட்டல் நடத்தியவராம்.

மாலையில் நேரே கணவனின் மருந்துக்கடைக்குப் போனாள். கல்லாவுக்குப் பின்னால், இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே அவளுக்கென்று ஒரு முக்காலி உண்டு. வீட்டைவிட அங்கேதான் அவர்கள் அதிகம் பேசிக்கொள்வார்கள்.

"வாங்க டீச்சர். எனக்கு ஏதாச்சும் ஸ்டார் உண்டா?" என்றார் அவர்.

"உங்களுக்கும் தெரிஞ்சுடுச்சா?"

"வயித்துவலிக்கு மாத்திரை வாங்க வந்தவர் சொல்லிட்டுப் போனாரு. சொல்லும்போது சிரிச்ச சிரிப்புல வலியே போயிருக்கும்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "விடும்மா. போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வா. பழக்கதோஷம் சார், மன்னிச்சுக்கோங்கன்னு. பாராட்டத்தானே செஞ்சே, திட்டலையே."

"பாராட்டல."

"பின்னே?"

"நான் அதைப் படிக்கவே இல்லைங்க."

ஒருவர் வந்து காய்ச்சல் மருந்து கேட்டார். கணவன் எடுத்துக் கொடுத்து, எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பும் வரை அவள் தன் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிக்கலைன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் அவர் திரும்பி.

"எனக்குத் தெரியுமே."

ஒன்றாம் வகுப்பில் அவள் நட்சத்திரம் போட்டது சரியாக எழுதியவர்களுக்கு அல்ல. முடித்தவர்களுக்கு. எழுத்து தலைகீழாக இருக்கலாம், வரி மலையேறிப் போகலாம். குழந்தை கடைசி வரை வந்திருந்தால், அவளும் கடைசி வரை வருவாள். வந்ததற்கு அடையாளம் அந்த நட்சத்திரம். அவசரத்தில் ஒருநாளும் போட்டதில்லை. மற்ற டீச்சர்கள் வீட்டுக்குப் போன பிறகும் உட்கார்ந்து படித்திருக்கிறாள். அவளிடம் இருந்த நாணயம் எல்லாம் அந்தச் சின்னக் கிறுக்கலில்தான் இருந்தது. ஊர் சிரித்தது வேறு எதற்கோ. மூத்த மனிதரைக் குழந்தையாக்கிவிட்டாள் என்று சிரித்தது. குழந்தையாக நினைத்திருந்தால் படித்திருப்பாளே!

கணவன் ஒரு தலைவலி மாத்திரையைக் கிழித்துக் கொடுத்தார். தண்ணீரும் கொடுத்தார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

மறுநாள் குழுத் தலைவி தொலைபேசியில் கூப்பிட்டார். பெரிய துணிக்கடைகள் வைத்து நடத்தியவர். குரலிலேயே விளக்கு எரியும்.

"உங்க நட்சத்திரக் கதையைக் கேட்டேன்மா. புகார் வந்திருக்கு, ஆமா. ஆனா எனக்கு என்னவோ ரொம்பப் பிடிச்சுப் போச்சு. தலைமை அதிகாரி நாற்காலியில உக்காந்தும் டீச்சர் மனசு போகல பாருங்க! இதையே இன்டர்வியூல சொல்லுங்க. நான் எடுத்துக் குடுக்கறேன். மத்தவங்க உருகிடுவாங்க. கதை இருக்கற சரக்குதான் விக்கும்."

"சரிங்க மேடம்" என்று சொல்லி வைத்தாள். வைத்த பிறகு, தான் இத்தனை நாள் பொத்தி வைத்திருந்ததையே அவர்கள் விலைக்குக் கேட்கிறார்கள் என்பது மெதுவாக உறைத்தது. கொஞ்சம் சிரிப்பும் வந்தது. கொடுத்துவிடலாமா என்றும் இருந்தது. களைத்தவளுக்கு எந்தத் திண்ணையும் மெத்தைதான்.

அன்று பிற்பகல் பெரிய பள்ளிக்குப் போனாள். அமிலம் எழுந்து நின்றார். பதவிக்கான மரியாதை, முகத்தில் ஒரு சுருக்கம்கூடத் தளரவில்லை.

"உக்காருங்க மேடம். மன்னிப்புன்னா எழுத்துல குடுங்க. வாய்வார்த்தை வேண்டாம்."

"மன்னிப்புக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும் சார். அந்த அறிக்கையைக் கொஞ்சம் குடுங்க. இங்கேயே உக்காந்து படிக்கறேன்."

"படிச்சுத்தானே..." என்று ஆரம்பித்தவர் நின்றார்.

"இல்ல சார். படிக்கல."

அவர் இழுப்பறையைத் திறந்து அறிக்கையை எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். மைதானத்தில் யாரோ பந்தை உதைக்கும் சத்தம் வந்தது. அவள் முதல் வரியிலிருந்து படித்தாள். ஆய்வகத்துக் கூரை இருந்தது, வாளி வைத்துப் பாடம் நடத்துவதாக எழுதியிருந்தார். ஆறாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டும் பிள்ளைகளைப் பற்றி இருந்தது. அந்தப் பகுதியை அவர் கோபத்தோடு எழுதியிருந்தார், ஒன்றாம் வகுப்பிலேயே யாராவது கவனித்திருக்கலாம் என்று. நன்றாக எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். நன்றிகளுக்குப் பிறகு, இடம்விட்டு, நாலே வரி. இந்தக் கல்வியாண்டோடு தன்னைத் தலைமைப் பொறுப்பிலிருந்து விடுவித்து, மறுபடி வேதியியல் ஆசிரியராகவே வகுப்புக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தார்.

அந்த நாலு வரிக்குப் பக்கத்தில், மூக்கும் முழியுமாக, அவளுடைய நட்சத்திரம்.

அவளுக்குக் காது சூடாகியது. "சார்..."

"சபாஷ், போய்த் தொலைன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு" என்றார் அவர், திரும்பாமலே. "இதை எழுதறதுக்கு நான் எத்தனை தடவை எழுதி எழுதிக் கிழிச்சேன்னு எனக்குத்தான் தெரியும். வீட்டுலகூடச் சொல்லல."

"நீங்க இந்த நாற்காலிக்கு ஆசைப்படறீங்கன்னுதான்..."

"ஊரே சொல்லுது. நானும் சொல்லட்டும்னு விட்டுட்டேன். மேல போக ஆசைப்படறவன்னு நினைச்சா மதிக்கறாங்க மேடம். கீழ போறேன்னு சொன்னா, முடியல போலிருக்கும்பாங்க." அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்தில் அவருடைய வயது தெரிந்தது. "லேப்புக்குள்ள நான் கடைசியா போனது எதுக்குத் தெரியுமா? எலி செத்த நாத்தம் எங்கேருந்து வருதுன்னு பாக்க. பசங்க அமிலம்னு பேரு வெச்சிருக்காங்க. ஒரு அமிலத்தைத் தொட்டு எத்தனை வருஷம் ஆச்சு!"

அவளுக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. திரும்பிப் போக ஒரு இடம் இருக்கிறது என்று அவர் இன்னும் நம்புகிறார்.

"புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார். "ஆனா இந்த நாலு வரி வெளியே போக வேண்டாம். உத்தரவு வர்ற வரைக்கும்."

"போகாது சார்."

"அப்போ இன்டர்வியூல குழு கேட்டா என்ன சொல்லப் போறீங்க?"

அவள் அறிக்கையை மூடினாள். "தெரியல சார்" என்றாள். அது உண்மைதான்.

நேர்காணல் அறையில் குளிர் அதிகமாக இருந்தது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் குழுவினர். நிதியைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னாள். ஆசிரியர் பற்றாக்குறையைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னாள். அவளுக்கே தன் குரல் தணிக்கைக்காரர் குரல்போலவும் ராணுவக்காரர் குரல்போலவும் மாறி மாறிக் கேட்டது. கடைசியில் குழுத் தலைவி முன்னால் சாய்ந்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

"ஒரு நட்சத்திரத்தைப் பத்திக் கேள்விப்பட்டோமே. அதைக் கொஞ்சம் எங்களுக்கும் சொல்லுங்களேன்!"

மேசை முழுக்கச் சிரிக்கத் தயாராக இருந்தது. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒன்றாம் வகுப்பில் கதை நேரத்தில் பார்த்த அதே முகங்கள்தான், மீசையும் கண்ணாடியும் மட்டும் முளைத்திருந்தன. இரண்டு வாக்கியம் போதும். குழந்தைகள், சிவப்பு மை, இன்னும் போகாத பழக்கம். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"அது படிக்காம போட்டது" என்றாள்.

"புரியலையே?"

"அந்த அறிக்கையை நான் படிக்கல மேடம். படிக்காம கையெழுத்துப் போட்டேன். அதோட கை தானா நட்சத்திரமும் போட்டுடுச்சு. வகுப்புல இருந்தப்ப நான் படிக்காம போட்டதே இல்ல."

ஓரத்தில் இருந்தவர் கேட்டார்: "அப்படி அதுல என்னதான் இருந்தது?"

"பின்னாடி படிச்சேன். கூரை ஒழுகுதுன்னு இருந்தது. மீதி அந்தத் தலைமை ஆசிரியருக்கும் அலுவலகத்துக்கும் நடுவுல சார்."

குழுத் தலைவியின் சிரிப்பு மெதுவாக மடிந்தது. விரித்துக் காட்டிய துணியை, வாங்காமல் போகிறவருக்கு முன்னால் மடித்து வைப்பதுபோல. கோபமில்லை, வருத்தம்தான். "நன்றிம்மா" என்றார்.

ஹோட்டல்காரருக்குத்தான் கிடைத்தது.

செய்தியை வானொலிதான் கொண்டுவந்தான். இந்த முறை நடைபாதையில் கத்தவில்லை. கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்து சொன்னான். பிறகு அவனால் அவனையே அடக்க முடியவில்லை.

"இனிமே வாசல்லயே நின்னு, வாங்க வாங்க, எத்தனை பேருன்னு கேக்கணும் மேடம்."

"கேளு. உனக்கு நல்லாவே வரும்" என்றாள் அவள்.

அலுவலகம் அதற்குள் மாறத் தொடங்கியிருந்தது. யாரோ வரவேற்பு மேசையில் பூச்சாடி வைத்தார்கள். எழுத்தர் ஒருவர் வருகிறவர்களிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுப் பழகிக்கொண்டிருந்தார். கேட்கப்பட்டவர்கள் என்ன தப்பு செய்தோமோ என்று விழித்தார்கள். பொறுப்பு அதிகாரியாக அவளுடைய கடைசி வேலை, அமிலத்தை வகுப்புக்கு அனுப்பும் உத்தரவு. அதை மெதுவாகப் படித்தாள், மறுபடியும் படித்தாள். கையெழுத்திட்டுவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். கையை நம்புவதற்கில்லை.

அவரே வந்து வாங்கிக்கொண்டார். காகிதத்தை ஓரம் பார்த்தார்.

"நட்சத்திரம் எங்க?" என்றார். அவர் விளையாட்டாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"வேலைக்குப் போங்க சார். முடிச்சுட்டு வாங்க, போடறேன்."

அவர் சிரிக்கவில்லை. உத்தரவை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நிக்க முடியுமான்னு பயமாத்தான் இருக்கு. நாள் முழுக்க."

"மொதல் வாரம் தொண்டை போயிடும். வெந்நீர் குடிங்க. அப்புறம் கால். கால் வலி பழகிடும் சார், தொண்டைதான் பழகாது."

புதிய அதிகாரி ஒரு காலையில் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, இனிய முகம். ஒவ்வொருவர் பெயரையும் ஒருமுறை கேட்டதோடு மனதில் வைத்துக்கொண்டார். துணை அதிகாரியாகத் தன் பழைய அறைக்குத் திரும்பியிருந்த அவளைக் கூப்பிட்டு, உடனே பார்க்க வேண்டியது எது என்று கேட்டார்.

பழக்கப்பட்ட நாக்கு தானாகவே தைக்கத் தொடங்கியது. விருந்தினர்கள் நனைகிறார்கள் சார். பெரிய பள்ளியில் விருந்தினர்கள் வாளிக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார்கள். வாக்கியம் முழுசாகத் தயாராகிவிட்டது. அதைச் சொல்ல வாயைத் திறந்தபோது, சொல்வதற்குத் தெம்பில்லை என்று கண்டாள். வீம்பு ஒன்றும் இல்லை. அலுப்புதான்.

"லேப்ல கூரை ஒழுகுது சார். ரொம்ப வருஷமா."

"ஓ, அப்படியா! ரிப்போர்ட் இருக்கா? என் டேபிள்ல வெச்சுடுங்க, படிக்கறேன்."

மேசையைப் பார்த்தாள். அதற்குள்ளேயே அதன்மேல் ஒரு அடுக்கு சேர்ந்திருந்தது. அவர் நல்லவராகத்தான் தெரிந்தார். கையெழுத்தும் அழகாகத்தான் இருக்கும்.

அவள் தன் அறைக்குப் போய் அறிக்கையை எடுத்து வந்தாள். அதன் கடைசிப் பக்கத்தை மட்டும் முன்பே கழற்றி வைத்திருந்தாள். அவருக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்து, சுற்றிக்கொண்டு போய், அவர் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்தாள். ஒன்றாம் வகுப்பில் அப்படித்தான் உட்கார வேண்டும், எதிரே உட்கார்ந்தால் குழந்தைக்கு எழுத்து தலைகீழாகத் தெரியும்.

"நானே படிச்சுக் காட்டறேன் சார். கொஞ்ச நேரம்தான் ஆகும்."

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். ஆனால் உபசரித்துப் பழகியவர், மறுக்கத் தெரியவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரியின் கீழே விரலை வைத்தாள்.